இமை திறக்கும் ஆழம்

அடையாற்றில் டாக்டர் பங்கஜம் நடத்திவந்த பிரசவ விடுதியில் எட்டுக் கட்டில்கள் இருந்தன. எழுபத்தைந்தாம் ஆண்டு ஆனி மாதத்தில் எட்டிலும் பெண்கள் படுத்திருந்தார்கள். கொல்லைக் கிணற்றில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. முந்தின ஐப்பசியில் மழை பொய்த்ததிலிருந்து நகரமே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை விடுதிக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரியை ஐந்து நாளாகக் காணவில்லை. புதன்கிழமை மாலை நான்கு மணிக்குப் பெரிய மருத்துவமனையிலிருந்து ஒரு வேன் வந்து எல்லாரையும் ஏற்றிச் செல்லும் என்று டாக்டர் ஏற்பாடு செய்துவிட்டார்.

ஏழு பேரை அனுப்புவதில் அவருக்குப் பெரிய கவலை இல்லை. எட்டாமவள் சண்முகவடிவு. தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மனைவி. தலைப்பிரசவம். திங்கட்கிழமை அவளுக்கு ஒரு முறை வலிப்பு வந்து அடங்கியிருந்தது. ரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. இருட்டறையில், ஓசையில்லாமல், அசைக்காமல் வைத்திருந்தால் தாயும் பிள்ளையும் பிழைப்பார்கள். ஆறு மைல் தூரம் வேனில் குலுங்கிக்கொண்டு போனால் பாதி வழியிலேயே அடுத்த வலிப்பு வரலாம். ஆகவே டாக்டர் ஒரு முடிவு செய்து, அதை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். மற்ற ஏழு பேரும் போகட்டும். பிரசவ அறையில் மிச்சமிருக்கும் இரண்டு அண்டாத் தண்ணீரை வைத்துக்கொண்டு சண்முகவடிவை மட்டும் இங்கேயே நிறுத்திக்கொள்வது. ஒருத்திக்கு ஒரு நாளுக்கு அது போதும்.

அதே சமயம், கிணற்றிலும் அவர் ஆசையை விடவில்லை. அந்த ஆசைக்குக் காரணம் ஜைதூன் பீ.

ஜைதூன் பீயின் வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முன்னறையில் கணவர் பீர் முஹம்மதுவின் லேத் பட்டறை. பின்னறையில் ஜைதூன் பீயின் வேலை. துளை போட்ட இரும்புக் குழாயின் மேல் மெல்லிய பித்தளை வலையைச் சுற்றி, ஓரங்களை ஈயம் வைத்துப் பற்றவைப்பார். அந்தக் குழாயைப் பூமிக்குள் அடித்து இறக்கினால், வலை தண்ணீரை உள்ளே விட்டு மணலை வெளியே நிறுத்தும். ஃபில்டர் என்று அதற்குப் பெயர். நல்ல மணலில் அது பத்து வருஷம் உழைக்கும். களிமண்ணின் வழியாக அடித்தால் ஒரே நாளில் செத்துப்போகும். செத்தவை எல்லாம் பழுதுபார்க்க அவரிடமே திரும்பி வந்தன. பதினெட்டு வருஷமாகக் கிழிந்த வலைகளைப் பிரித்துப் பார்த்தவருக்கு, எந்த மண் எந்த இடத்தில் கடித்தது என்பது மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் விரலில் தெரிந்தது.

சென்ற வாரம் பொன்னுரங்கம் இரண்டு ஃபில்டர்களைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஐந்து ஆட்களை வைத்துக்கொண்டு அடிபம்பு இறக்கும் மேஸ்திரி அவர்.

"இன்னாக்கா இது, ரெண்டும் பூட்ச்சு. அடையாறு டாக்டரம்மா வூட்டுக் கெணத்துல எறக்குனது. ஒண்ணு பாரு, சப்பாத்தி மாவு பூசினாப்ல கீது. இன்னொண்ணு கிழிஞ்சே பூட்ச்சு."

பட்டறையிலிருந்து பீர் முஹம்மது தலையை நீட்டினார். "உன் ஆளுங்க தண்ணிக்கு அடிக்கிறாங்களா, கோட்டைக் கதவை இடிக்கிறாங்களா?"

"நீ லேத்துல குந்திகினு பேசுவே பாய். ஒரு தபா வந்து கயிறு இழுத்துப் பாரு, அப்பால பேசு."

ஜைதூன் பீ வலையின் மேல் அப்பியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார். அடியில் கறுப்பாக ஒரு பூச்சு இருந்தது. அதை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "உப்பு. எவ்வளவு ஆழம் போனே?"

பொன்னுரங்கம் கணக்குச் சொன்னார். கிணறு பன்னிரண்டு அடி. அதன் தரையே களிமண். அந்தக் களிமண் ஆறு அடி கனம். அதற்குக் கீழே எட்டு அடிக்கு நல்ல மணல், அதில் நல்ல தண்ணீர். அதற்கும் கீழே ஆற்று முகத்துவாரத்தின் கரிய சேறு, உப்பு. முதல் குழாய் களிமண்ணில் வலை அடைத்துக்கொண்டு செத்தது. இரண்டாவது கிழிந்து, மணலைத் தாண்டிச் சேற்றில் போய் நின்றது. நல்ல தண்ணீர் அந்த எட்டு அடிக்குள் இருந்தது. அதற்குள் கிழியாத வலையைக் கொண்டுபோய் வைக்க வழிதான் இல்லை.

"தோண்டித்தான் போடணும். மூணு நாளு ஆவும். தோண்டுறதுக்கே நாப்பது கொடம் தண்ணி வோணும். அது எங்க கீது?"

ஜைதூன் பீ கிழிந்த வலையைத் தரையில் வைத்தார். பிறகு, குழந்தைக்குச் சோறூட்டும்போது சொல்வதுபோல ஒரு கதை சொன்னார்.

"ஒரு அகழெலி இருந்துச்சு. பூமிக்குள்ள ஒரு ராஜா விருந்து வைக்கிறார்னு கேள்விப்பட்டுது. கண்ணைத் திறந்துகிட்டு மண்ணைத் தோண்டிப் போச்சு. கண்ணெல்லாம் மண்ணு விழுந்து, விருந்து பக்கத்துல போயும் ஒண்ணும் தெரியலை. மறுநாள் துணி வச்சுக் கண்ணைக் கட்டிகிட்டுப் போச்சு. எங்க நிக்கணும்னு தெரியாம ராஜா அரண்மனையைத் தாண்டிச் சாக்கடையில விழுந்துச்சு. மூணாம் நாளு அல்லாகிட்ட அழுதுச்சு. அவன் இமைன்னு ஒரு தோலைக் கொடுத்தான். போறப்போ மூடிக்கோ, போய்ச் சேர்ந்த பிறகு திற அப்படின்னான்."

பொன்னுரங்கம் பீர் முஹம்மதுவைப் பார்த்தார். "பாய், ராத்திரி சோறு போட்டியா அக்காவுக்கு?"

"சும்மா இரு," என்றார் பீர் முஹம்மது. அவர் ஏற்கெனவே கரித்துண்டை எடுத்துத் தரையில் கோடு போட ஆரம்பித்திருந்தார்.

இரண்டு நாளில் அந்த இமையைச் செய்து முடித்தார்கள். ஃபில்டருக்கு வெளியே இன்னொரு பெரிய குழாய், கத்தியைச் சுற்றி உறை இருப்பதுபோல். அடி நுனியில் கூம்பான எஃகு முனை. வெளிக்குழாயின் தலையில் அடித்தால் அது முனையைத் தள்ளிக்கொண்டு இறங்கும். உள்ளே இருக்கும் வலையை மண் தொடாது. மணலுக்குப் போய்ச் சேர்ந்ததும் வெளிக்குழாயை மட்டும் நான்கு அடி மேலே இழுத்தால், முனையும் ஃபில்டரும் மண்ணிலேயே நின்றுவிடும். வலை திறந்துகொள்ளும். ஃபில்டரின் கழுத்தில் எண்ணெயில் ஊறிய இரண்டு தோல் வாஷர்கள், வெளிக்குழாயின் உட்புறத்தைப் பிடித்துக்கொண்டு காற்றுப் போகாமல் அடைத்திருந்தன.

அடிக்கும்போது இமை தானாகத் திறந்துவிடக் கூடாதல்லவா? அதற்காக முனையில் ஒரு முள்ளும், உறையில் அந்த முள் சிக்கிக்கொள்ளும் வெட்டும் வைத்தார்கள். வெளிக்குழாயைக் கால் சுற்றுத் திருப்பினால் முள் விடுபடும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் கணவனுக்கும் மனைவிக்கும் அரை நாள் வாக்குவாதம் நடந்தது. இடப்புறம் திருப்பினால் குழாய்களைச் சேர்க்கும் மரை கழன்றுவிடும். ஆகவே வலப்புறம் என்று முடிவாயிற்று.

அந்த முடிவில் ஒரு சங்கடம் இருந்தது. பொன்னுரங்கத்தின் ஆட்கள் ஒவ்வொரு பத்து முறை அடித்ததும் குழாயை வலப்புறம் கால் சுற்றுத் திருப்புவார்கள். அடியின் அதிர்ச்சியில் மரை தளராமல் இருப்பதற்காக அவர்கள் அப்பன் காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. கயிறு இழுக்கும்போது அவர்கள் பாடும் பாட்டின் பத்தாவது வரியே "பத்தாச்சு, பக்கம் திருப்பு" என்றுதான் முடியும்.

"இந்தக் குழாய்க்கு மட்டும் திருப்பவே கூடாது," என்று ஜைதூன் பீ மூன்று முறை சொன்னார்.

"அட, வுடுக்கா. பாட்டையே மாத்திடறோம். பத்தாச்சு, கம்முனு நில்லு. போதுமா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வேலை தொடங்கியது. கிணற்று வாயின் மேல் மூன்று கால் நட்டு, கப்பி மாட்டி, கயிற்றின் நுனியில் ஐம்பது கிலோ இரும்புக் குண்டைத் தொங்கவிட்டார்கள். நால்வர் மேலே நின்று கயிற்றை இழுத்து விடுவார்கள். குண்டு கிணற்றுக்குள் இறங்கிக் குழாயின் தலைமேல் விழும். கிணற்றின் தரையில் வைரவன் ஒருவன் மட்டும் நின்றான். குழாய் சாயாமல் பிடித்துக்கொள்வதும் பைப் ரெஞ்சு வைத்துத் திருப்புவதும் பன்னிரண்டு வருஷமாக அவன் வேலை.

டாக்டர் பங்கஜம் மாடிப்படியில் நின்றபடி ஒரு நிபந்தனை போட்டார்.

"குழாய்த் தலையிலே மரக்கட்டை வச்சு அடிங்க. பாட்டு, கூச்சல் எதுவும் வேண்டாம். மேலே ஒரு பொண்ணு இருக்கா. திடீர்னு ஒரு சத்தம் கேட்டாலே அவளுக்கு ஆபத்து. புரியுதா பொன்னுரங்கம்?"

"புரியுதும்மா. ஆனா பாட்டு இல்லாட்டி நாலு கை ஒண்ணா இழுக்காதும்மா."

"அப்போ வாய்க்குள்ளேயே பாடுங்க."

அப்படித்தான் பாடினார்கள். வேப்பங்கட்டை மேல் குண்டு விழும் ஓசை, தலையணைக்குள் யாரோ குத்துவதுபோல் மந்தமாக எழுந்தது. நால்வரும் இருமலை அடக்குகிறவர்கள்போல உதட்டுக்குள் முணுமுணுத்தார்கள். கிணற்றுக்குள் இருந்த வைரவனுக்கு அதில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. குண்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, அது எழும்போது கையை விலக்கி, விழுந்ததும் குழாயைப் பிடித்து, தன் நெஞ்சுக்குள் இருந்த பழைய பாட்டைத் தானே பாடிக்கொண்டான்.

குழாய் முதலில் நன்றாக இறங்கியது. பிறகு குண்டு விழும் ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை, அதன்பின் அரை விரற்கடை. பன்னிரண்டரை மணிக்குக் களிமண்ணில் நான்கு அடி போயிருந்தது. அதோடு நின்றுவிட்டது. இருபது அடி அடித்தும் குழாயில் போட்ட சுண்ணாம்புக் கோடு அசையவில்லை. குண்டு துள்ளி எழுந்தது.

"களி கவ்விக்கிச்சு," என்றார் பொன்னுரங்கம். "சங்கிலியப் போடு. ஒரு சாண் தூக்கி வுட்டு அடிச்சா எறங்கிடும்."

களிமண் பிடித்த குழாயைச் சற்றே மேலே இழுத்துத் தளர்த்தி மறுபடி அடிப்பதும் அவர்கள் எப்போதும் செய்வதுதான். வைரவன் சங்கிலியைக் குழாயில் சுற்றினான். மேலே நால்வரும் கயிற்றை இறுக்கினார்கள். ஜைதூன் பீ கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

குழாயின் நெடுகிலும் அவர் ஒரு சிவப்புக் கோடு தீட்டியிருந்தார், கடைசியில் கால் சுற்றுத் திருப்பும்போது அளவு தெரிவதற்காக. காலையில் அந்தக் கோடு கிணற்றுப் படிகளைப் பார்த்திருந்தது. இப்போது அது எதிர்ச்சுவரைப் பார்க்கவில்லை, படிகளையும் பார்க்கவில்லை. கொல்லைத் தென்னைமரத்தின் பக்கம் திரும்பியிருந்தது. சரியாகக் கால் சுற்று.

"இழுக்காதீங்க!"

அந்தக் கூச்சல் கிணற்றுக்குள் போய் இரு மடங்காகத் திரும்பி வந்தது. நால்வரும் கயிற்றை விட்டுவிட்டார்கள். மாடியில் ஒரு ஜன்னல் சட்டென்று சாத்தப்பட்டது. மேலேயிருந்து அழுகையோ ஓட்டமோ கேட்கிறதா என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

பொன்னுரங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "இன்னாக்கா?"

"இமை திறந்துடுச்சு. கோட்டைப் பாரு. வைரவா, திருப்பினியா?"

வைரவன் தன் கையிலிருந்த ரெஞ்சைப் பார்த்தான். அது குழாயில் மாட்டியபடியே இருந்தது. "நான் திருப்பலக்கா. சத்தியமா... கை திருப்பிக்கிச்சு போலக் கீது."

"எப்போ?"

"தெரியலக்கா."

பீர் முஹம்மது கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கினார். சுண்ணாம்புக் கோட்டைத் தரையோடு வைத்து அளந்தார். நிமிர்ந்து பார்த்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மெல்லிசாக விரித்துக் காட்டினார். அரை விரற்கடை. கயிறு இறுகிய அந்த ஒரு நொடியில் உறை அவ்வளவு எழும்பிவிட்டது. முனைக்கும் உறைக்கும் இடையே அந்த அரை விரற்கடையில் களிமண் புகுந்திருக்கலாம், புகாமலும் இருக்கலாம். பார்க்க வழி இல்லை. அது கிணற்று வாயிலிருந்து பதினாறு அடிக்குக் கீழே இருந்தது.

"இடப்பக்கம் திருப்பிப் பூட்டிடலாமே," என்றார் பொன்னுரங்கம்.

"களி அடியைப் பிடிச்சிருக்கு. இடது பக்கம் திருப்பினா அடி திரும்பாது, நடு மரை கழலும். அப்புறம் முனையும் ஃபில்டரும் அங்கேயே சமாதி," என்றார் பீர் முஹம்மது.

"அப்போ தூக்கவும் கூடாது, திருப்பவும் கூடாது. அடிச்சா எறங்கவும் மாட்டேங்குது. இன்னாதான் பண்றது? உக்காந்து பூஜை பண்றதா?"

ஜைதூன் பீ கிணற்றின் காய்ந்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூம்பு முனை, குழாயைவிட ஒரு நூலளவு அகலமானது. ஆகவே குழாயைச் சுற்றிலும் களிமண்ணில் ஒரு மெல்லிய சந்து இருந்தாக வேண்டும். அதில் ஏதாவது வழுக்கலாக இறங்கினால் பிடி தளரும்.

"தண்ணி ஊத்தினா இறங்கும்," என்றார்.

"எவ்ளோ?"

"நாலு வாளி. குறைஞ்சா பிரயோசனம் இல்லை."

தண்ணீர் என்ற சொல் அந்தக் கொல்லையில் விழுந்ததும் எல்லாருடைய கண்ணும் மாடிப்படியை நோக்கின. டாக்டர் பங்கஜம் அங்கே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, தெரியாது.

"மேலே எப்படியிருக்காங்கம்மா?" என்று ஜைதூன் பீ கேட்டார்.

"உடம்பு தூக்கிப் போட்டுது. வலிப்பு வரலை. இன்னொரு தடவை நீ கத்தினா நான் சொல்ல முடியாது." டாக்டர் படியிறங்கி வந்தார். "நாலு வாளின்னா என் கிட்ட இருக்கிறது மொத்தமும் அதுதான். ரெண்டு அண்டா. அதை எதுக்கு வச்சிருக்கேன் தெரியுமா?"

ஒருவருக்கும் தெரியாது. டாக்டர் சொன்னார். வேன் வந்தாலும் சண்முகவடிவை அனுப்பாமல் வைத்துக்கொள்ள அவர் போட்டிருந்த கணக்கை அப்போதுதான் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னார்.

"இதை ஊத்தி, கீழே தண்ணி வரலைன்னா, அவளையும் வேன்ல ஏத்தணும். எனக்கு வேற வழி கிடையாது. நீ சொல்லு. இறங்குமா?"

"களியிலே இறங்கும்மா. அது நிச்சயம்," என்றார் ஜைதூன் பீ. "ஆனா அரை விரற்கடை திறந்திருக்கு. அதுக்குள்ள களி போயிருந்தா, மணலுக்குப் போன பிறகு இமை விலகுமான்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு பொய் சொல்ல மாட்டேன்."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பல வருஷமாக நோயாளிகளின் உறவினருக்குத் தாமே சொல்லிவந்த பதில் அது. இன்று அதைக் கேட்கிற இடத்தில் அவர் நின்றார்.

"அண்டாவை இறக்குங்க," என்றார்.

நான்கு வாளித் தண்ணீரும் கயிற்றில் இறங்கிக் குழாயைச் சுற்றி ஊற்றப்பட்டது. அது தரையில் சற்று நேரம் வட்டமாக நின்றது. பிறகு குழாயை ஒட்டி ஒரு சுழி விழுந்து, மெல்ல உள்ளே போயிற்று. வைரவன் ரெஞ்சைக் கழற்றி வாளியில் போட்டு மேலே அனுப்பிவிட்டான். கேட்காமலே தன் தலைத்துண்டை அவிழ்த்து, வலது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். இடது கையால் மட்டும் குழாயைப் பிடித்தான்.

"டேய், குண்டு தலைமேல வுழும்டா. ஒரு கையால எப்டிடா பிடிப்பே?" என்று பொன்னுரங்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

"வுழுந்தா வுழட்டும். நீ இழு அண்ணாத்தே."

முதல் பத்து அடிக்கு ஒன்றும் நடக்கவில்லை. பதின்மூன்றாவது அடியில் குண்டு துள்ளாமல் உட்கார்ந்தது. சுண்ணாம்புக் கோடு தரைக்குக் கீழே போயிற்று. அதன்பின் அடிக்கு ஒரு விரற்கடை, சில சமயம் ஒன்றரை. இரண்டு மணிக்கு ஓசை மாறியது. களிமண்ணின் ஊமைச் சத்தம் போய், அரிசி மூட்டையில் தட்டுவதுபோல் ஒரு கரகரப்பு எழுந்தது. பொன்னுரங்கம் ஒரு விரலை உதட்டில் வைத்து, இன்னொரு விரலால் கீழே காட்டினார். மணல்.

இனி அபாயம் வேறு. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாவிட்டால் சேறு. குண்டு ஐந்தைந்து முறை விழுந்ததும் பீர் முஹம்மது அளந்தார். மூன்றேகால் மணிக்குக் குழாயின் முனை கிணற்றுத் தரையிலிருந்து சரியாகப் பன்னிரண்டு அடி கீழே இருந்தது. "போதும்," என்று கையைக் காட்டினார்.

ஜைதூன் பீ ஒரு நூலில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டிக் குழாய்க்குள் விட்டார். அது முனையில் தட்டிய இடத்தில், கிணற்றுக் கைப்பிடிச் சுவரின் நேருக்கு நூலில் ஒரு முடிச்சுப் போட்டார். உறையை மேலே இழுக்கும்போது அந்த முடிச்சு அதே இடத்தில் நின்றால் ஃபில்டர் மண்ணிலேயே நிற்கிறது என்று பொருள். முடிச்சு உயர்ந்தால் களிமண் இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிட்டது, எல்லாம் முடிந்தது என்று பொருள்.

சங்கிலி மாட்டினார்கள். நால்வர் கயிற்றைப் பிடித்தார்கள். குழாய் முனகியது. ஓர் அங்குலம் எழுந்தது.

முடிச்சும் ஓர் அங்குலம் எழுந்தது.

ஜைதூன் பீ நூலைத் தளரவிட்டு மறுபடி இறக்கினார். முடிச்சு கைப்பிடிக்கு மேலேதான் நின்றது. பீர் முஹம்மது மனைவியின் முகத்தைப் பார்க்காமல் தென்னைமரத்தைப் பார்த்தார்.

"நிறுத்தட்டுமாக்கா?" என்றார் பொன்னுரங்கம்.

"வேணாம். படக்குன்னு ஒரு இழுப்பு. மெதுவா இழுத்தா ரெண்டும் சேர்ந்தேதான் வரும்."

"சங்கிலி அந்துடும்."

"அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும்."

நால்வரோடு பொன்னுரங்கமும் சேர்ந்துகொண்டார். பீர் முஹம்மதுவும் சேர்ந்துகொண்டார். பாட்டு இல்லை, பொன்னுரங்கம் கண்ணால் எண்ணினார். ஆறு பேரும் ஒரே சமயத்தில் பின்னால் சாய்ந்தார்கள். பூமிக்குள் எங்கோ ஈரத்துணி கிழிவதுபோல ஓர் ஓசை கேட்டது. குழாய் அரை அடி துள்ளியது. ஜைதூன் பீ நூலை விட்டார். நட்டு போய்க்கொண்டே இருந்தது. முடிச்சு கைப்பிடிக்கு நேரே வந்து நின்றது. அவர் நூலைப் பிடித்திருந்த கையை உயர்த்திக் காட்டினார்.

நான்கு அடியும் இழுத்து முடித்து, குழாயைக் கிணற்று வாய்வரை நீட்டி, அடிபம்பின் தலையைப் பூட்டியபோது வாசலில் வேன் வந்து நின்றது. ஓட்டுநர் ஹபீபுர் ரஹ்மான் கொல்லைப்புறமாக வந்தார்.

"டாக்டரம்மா, ஸ்ட்ரெச்சர் எறக்கட்டுமா? அஞ்சு மணிக்கு எனக்கு வடபழனியில இன்னொரு கேசு கீது."

பீர் முஹம்மது பம்பின் பிடியை இரண்டு முறை அடித்தார். வறண்ட இருமல்தான் வந்தது. புதுப் பம்பின் தோல் நனைந்து உப்பினால்தான் காற்றை அடைக்கும். அடைத்தால்தான் தண்ணீரை உறிஞ்சும். அதற்கு மேலிருந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொல்லையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விடுதியில் இருந்த கடைசிச் சொட்டும் களிமண்ணுக்குள் போயிருந்தது. அடிகுழாய் போட வந்தவர்கள், அடிகுழாய்க்கு ஊற்றத் தண்ணீர் வைத்துக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

ஜைதூன் பீ திரும்பினார். "அண்ணே, வண்டியில தண்ணி இருக்கா?"

"ரேடியேட்டருக்கு ஒரு டின்னு கீது. இன்னாத்துக்கு?"

"பம்புக்கு ஊத்தணும்."

"தண்ணி வர்ற பம்புக்கே தண்ணி கேக்குறியேம்மா! மவுண்ட் ரோடுல வண்டி கொதிச்சு நின்னுச்சுன்னா, உள்ளே எட்டுப் புள்ளத்தாச்சிங்க. யாரு பதில் சொல்றது, நீயா?"

டாக்டர் சொன்னார்: "ஊத்தினா ஒருவேளை ஒருத்தரையும் ஏத்த வேண்டியிருக்காது."

"ஒருவேளைக்கெல்லாம் வண்டி ஓட்ட முடியுமாம்மா?" என்று முணுமுணுத்தாலும் அவர் டின்னைக் கொண்டுவந்தார். "பாதி தர்றேன். பாதி என் வண்டிக்கு."

பாதியை ஊற்றினார்கள். தோல் அதைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. பீர் முஹம்மது அடித்தார்; இருமல் சற்று ஈரமாயிற்று, அவ்வளவுதான். ஹபீபுர் ரஹ்மான் டின்னை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றார். மாடியைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். "யா அல்லா" என்று பெருமூச்சு விட்டு, மீதியையும் தாமே பம்பின் வாயில் கவிழ்த்தார்.

பிடி கனத்தது. எட்டாவது அடியில் காற்று கொப்பளித்தது. பன்னிரண்டாவது அடியில் ஒரு கவளம் சாம்பல் நிறக் குழம்பு வந்து விழுந்தது.

"களி," என்று பொன்னுரங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். "உள்ளாற பூந்துக்கிச்சு. போச்சு."

ஜைதூன் பீ கணவரை விலக்கிவிட்டுப் பிடியைத் தாமே பற்றினார். அடித்துக்கொண்டே இருந்தார். குழம்பு மெலிந்து மோரானது. மோர் மெலிந்து அரிசி களைந்த தண்ணீரானது. பிறகு சற்று மணல் வந்தது. அப்புறம் வந்த தண்ணீர் வாளியின் அடியைக் காட்டியது.

டாக்டர் உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்தார். கொல்லையே அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விழுங்கினார். மறுபடி ஏந்தினார்.

"உப்பில்லை," என்றார். "இன்னும் அடி. நிறுத்தாதே."

நிறுத்தவில்லை. நாற்பது வாளி வரை ஒருவர் மாற்றி ஒருவர் அடித்தார்கள். தண்ணீர் குறையவும் இல்லை, கரிக்கவும் இல்லை. ஹபீபுர் ரஹ்மான் தம் பயணப் புத்தகத்தை நீட்டினார். ஏற்றிய நோயாளிகள் என்ற கட்டத்தில் டாக்டர் பூஜ்யம் எழுதிக் கையெழுத்திட்டார். ஈரக் கையில் மை கரைந்து அந்தப் பூஜ்யம் பெரிதாகப் பரவியது. அவர் அதைக் கவனிக்காமல் இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு, மாடிப்படியில் ஓசைப்படாமல் ஏறிப்போனார்.

வைரவன் மட்டும் கிணற்றை விட்டு மேலே வரவில்லை. ஜைதூன் பீ படியிறங்கிப் போனபோது, அவன் ஈரத்தரையில் குந்தியிருந்தான். கையை இடுப்போடு கட்டிய துண்டை இன்னும் அவிழ்க்கவில்லை.

"திட்டிடுக்கா," என்றான். "ஆசை தீரத் திட்டிடு. கம்முனு மட்டும் இருக்காதே."

ஜைதூன் பீ அவன் கையைக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். மேலே அண்ணாந்து ரெஞ்சைக் கேட்டு வாங்கி அவன் கையில் கொடுத்தார்.

"பாட்டைப் பாடு. வாய்க்குள்ள இல்லை, வாய் விட்டு, மெதுவா. பாடிட்டு, குழாய் இருக்கிற மாதிரி நினைச்சுத் திருப்பிக் காட்டு."

"எதுக்குக்கா?"

"அடுத்த இமைக்குப் பூட்டு செய்யணும். உன் கை எதைச் செய்யவே செய்யாதுன்னு எனக்குத் தெரியணும். அதுல வைக்கிறேன் பூட்டை."

வைரவன் பாடினான். அவன் மணிக்கட்டு பத்தாவது வரியில் தானாகத் திரும்பியது. ஜைதூன் பீ கண்ணிமைக்காமல் அதையே பார்த்தார்.

"இன்னொரு தடவை," என்றார்.